அவசரக்காரி

கண் போன பிறகும் கேட்காரரை விட்டுச் சந்தேகம் போகவில்லை.

நூற்பாலை கேட்டில் காவலுக்கு நின்றே ஆயுசில் பாதியைக் கழித்தவர் அவர். உள்ளே போகிறவனை விட்டுவிடுவார், வெளியே வருகிறவனை விடமாட்டார். பையைத் திற, சாப்பாட்டு டப்பாவைத் திற, குடையை விரி. முதலாளியின் மருமகன் காரையே மறித்து டிக்கியைத் திறக்கச் சொன்னவர் என்று ஒரு பேர் உண்டு. அது நல்ல பேரா கெட்ட பேரா என்பது, நீங்கள் தொழிலாளியிடம் கேட்கிறீர்களா மருமகனிடம் கேட்கிறீர்களா என்பதைப் பொறுத்தது. வேலையை விட்டு வந்த பிறகு கண்ணில் நீரழுத்தம் ஏறி, முதலில் ஓரங்கள் இருண்டன, அப்புறம் நடுவும் இருண்டது. முதல் டாக்டரை அவர் நம்பவில்லை. இரண்டாவது டாக்டரையும் நம்பவில்லை. மூன்றாவது டாக்டர் சொன்னபோது, நம்பியும் பிரயோஜனமில்லாமல் போய்விட்டது.

பார்வை இல்லாதவர்களுக்கென்று ஒரு பேசும் நூலகம் இருந்தது. புத்தகங்களை ஆள் வைத்துப் படிக்கச் சொல்லி, இசைத்தட்டில் பதிந்து, தபாலில் வீட்டுக்கு அனுப்புவார்கள். கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். தட்டைச் சுற்றவிடுகிற மெஷினையும் அவர்களே இலவசமாகக் கொடுத்தார்கள். அங்கேதான் கேட்காரர் காலை ஊன்றி நின்றுகொண்டார்.

"சும்மா குடுக்கிறானா? சும்மா எவன் எதைக் குடுத்திருக்கான்? இன்னைக்கு மெஷின் குடுப்பான், நாளைக்கு வீட்டு மேல கையெழுத்து கேப்பான்."

"கண்ணு தெரியாதவங்களுக்குக் குடுக்கிறாங்க. இதுல என்னங்க சூது?" என்றாள் அவர் மனைவி.

"கண்ணு தெரியாதவனைத்தானே ஏமாத்த முடியும்? கண்ணு தெரிஞ்சவன்கிட்டயா வருவான்?"

மெஷின் வந்த பெட்டி, கட்டு அவிழாமல் வந்த வழியே போனது. எப்படி இயக்குவது என்று அச்சடித்த தாளும் அதோடு போனது. தட்டுகள் மட்டும் வரட்டும் என்றார். இரவல் என்றால் இரவல், கணக்கு நேர். மெஷினுக்கு அவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு பழைய சாமான் கடைக்குப் போய், தடவித் தடவிப் பார்த்து ஒரு ரெக்கார்டு பிளேயரை வாங்கினார். கடைக்காரன் ஒரு விசையைக் காட்டிச் சொன்னான்:

"பெரிய தட்டுக்கு முதல் பள்ளம். சின்னத் தட்டுக்கு ரெண்டாவது. பழைய காலத்துக் கனத்த தட்டுக்கு மூணாவது. அவ்வளவுதாண்ணே, இதுக்கு மேல உலகத்துல வேகமே கிடையாது."

நூலகத்திலிருந்து வந்தவை பெரிய தட்டுகள். மனைவி விசையை முதல் பள்ளத்தில் தள்ளி முள்ளை வைத்தாள். ஒரு பெண் பேச ஆரம்பித்தாள். பேசினாள் என்று சொல்வது மரியாதைக்கு. பொரிந்து தள்ளினாள். வாயில் சுடுசோற்றை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி, ஒரு சொல் முடிவதற்குள் அடுத்த சொல்லைப் பிடித்து இழுத்தாள்.

"எந்த பஸ்ஸைப் பிடிக்கப் போறாளோ!" என்றாள் மனைவி.

"படிச்ச பொண்ணுங்க அப்படித்தான் பேசும். உன்னை மாதிரி இழுத்துக்கிட்டா இருக்கும்?"

"ஆமா, நீங்க ரொம்பக் கண்டீங்க."

அன்றைக்கே அந்தக் குரலுக்கு அவசரக்காரி என்று பேர் விழுந்தது. துணி மடிக்கும்போது மனைவி கேட்பாள், "என்ன, அவசரக்காரியைப் போடட்டுமா?" என்று. முதல் தபால் கட்டில் வந்ததையும் அவளே படித்தாள், இரண்டாவது கட்டில் வந்ததையும் அவளே படித்தாள்.

இரண்டாவதாக வந்தது ஒரு கப்பல் கதை. நடுக்கடலில் ஒரு பயணியின் வைரம் காணாமல் போகிறது, கப்பலை விட்டு யாரும் இறங்க முடியாது, திருடன் உள்ளேதான் இருக்கிறான். கேட்காரர் கேட்டு வாங்கிய கதை. வாசலில் நின்றவனுக்குத் திருடனைக் கண்டுபிடிக்க எத்தனை நேரம் ஆகும்? இரண்டாவது தட்டிலேயே கழுத்தைப் பிடித்துவிடலாம் என்று சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முடியவில்லை. கப்பலின் சமையல்காரனும் பாட்டுக்காரியின் தம்பியும் அவருக்கு ஒரே ஆளாகிப் போனார்கள். ஒருவன் மாடிப்படியில் விழுந்தான் என்று கேட்டது, ஏன் விழுந்தான் என்று பிடிபடுவதற்குள் அவனை அடக்கம் செய்துவிட்டார்கள். ஒரே தட்டைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் பாதி விளங்கியது. மீதிப் பாதி கைப்பிடி மணல் மாதிரி ஒழுகிப் போனது. கேட்டு முடித்தால் நெற்றிப் பொட்டு இரண்டும் தெறித்தன.

நூலகத்து அம்மா ஒருத்தி அவ்வப்போது போன் செய்து விசாரிப்பாள். நல்ல மாதிரி. அன்றைக்கும் செய்தாள்.

"கப்பல் கதை எப்படி இருக்குங்க? திருடனைப் பிடிச்சிட்டீங்களா?"

"கேட்டுக்கிட்டு இருக்கேம்மா. படிக்கிறதுதான் கொஞ்சம் வேகமா இருக்கு."

"வேகமாவா?" அந்த அம்மா சிரித்துவிட்டாள். "எல்லாரும் சொல்றது நேர்மாறா இருக்கே. ரொம்ப நிதானம், கேட்டா தூக்கம் வருதுன்னுதான் சொல்றாங்க. உங்க ஒருத்தருக்குத்தான் வேகமா இருக்கு."

போனை வைத்த கேட்காரர், வைத்த கையை எடுக்காமல் நின்றார்.

அவருக்கு அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது.

கேட்காரருக்கு ஒரே அண்ணன். தச்சு வேலை. கடைசிக் காலத்தில் புத்தி கலங்கிப் போனார். அது திடீரென்று வரவில்லை. முதலில் அவர் சொன்னது, "ஏண்டா எல்லாரும் இவ்வளவு வேகமாப் பேசுறீங்க? கொஞ்சம் நின்னு பேசுங்களேன்டா" என்பதுதான். வயசு, காது மந்தம் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். அப்புறம் கொல்லையில் குதிரை நிற்கிறது, தண்ணீர் காட்டுங்கள் என்றார். குதிரையெல்லாம் இல்லை என்று சொல்லிப் பார்த்தார்கள். அண்ணன் தேம்பித் தேம்பி அழுதார். அதன் பிறகு அண்ணி எல்லோருக்கும் கண்ணைக் காட்டினாள். கண்ணைக் காட்டினதும் எல்லோரும் ஆமாம் போட ஆரம்பித்தார்கள். கேட்காரரே ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய் வெறும் இடத்தில் வைத்துவிட்டு வந்து, "நல்லாக் குடிச்சுச்சுண்ணா" என்று சொன்னவர்தான். வாழ்நாளில் அவர் சொன்ன பொய்களிலேயே துளி தடுமாற்றம் இல்லாமல் வந்த பொய் அது. கடைசியில் அண்ணன் அண்ணியைப் பார்த்தே யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார்.

எல்லோருக்கும் மெதுவாகக் கேட்பது எனக்கு மட்டும் வேகமாகக் கேட்கிறதென்றால்?

இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் தாங்காமல் அவரே போன் செய்தார். மனைவி மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரம்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. அந்தப் பொண்ணைக் கொஞ்சம் நிதானமாப் படிக்கச் சொன்னா என்ன?"

"எந்தப் பொண்ணுங்க?"

"அதான், இந்தக் கப்பல் கதை படிக்கிற பொண்ணு."

"அதைப் படிச்சது பொண்ணு இல்லைங்களே. நம்ம ஏலக்காரர் படிச்சது. பழைய சாமான், மேசை நாற்காலியெல்லாம் ஏலம் விடுவாரே, அவர். உங்களுக்கு முன்னாடி அனுப்பினதும் அவர் படிச்சதுதான். நம்மகிட்டப் பொம்பளைங்க யாருமே படிக்கலைங்க."

"ஓ. சரி. சரிம்மா. நான் வேற எதையோ நினைச்சுக்கிட்டேன்."

போனை வைத்தபோது அது பிடியில் சரியாக உட்காரவில்லை. வேகமாகக் கேட்டால்கூடக் காது என்று சொல்லலாம். ஆம்பிளை படிப்பது பெண் குரலாகக் கேட்டால் அதற்கு என்ன பேர்?

மனைவி வந்து காய்கறிப் பையை இறக்கியதும் கேட்டார்.

"இவளே, அந்த ரெக்கார்டுல படிக்கிறது யாரு?"

"யாரா? நம்ம அவசரக்காரிதான்."

"பொண்ணா?"

"பின்ன? ஆம்பள எவனாவது இப்படிக் கீச்சுக் கீச்சுனு பேசுவானா? என்ன கேள்வி இது?"

உடனே சொன்னாள். யோசிக்கவே இல்லை. அதுதான் அவருக்கு உறுத்தியது. குதிரைக்கும் இவள் இப்படித்தான் உடனே ஆமாம் சொன்னாள். ஒரு கை புல்லைக்கூடப் பறித்துக்கொண்டு போய்ப் போட்டாள். அவ்வளவு நல்ல மனசு. அந்த நல்ல மனசை வைத்துக்கொண்டு இப்போது என்ன செய்வது? அவள் உண்மை சொன்னாலும் இதைத்தான் சொல்வாள், பொய் சொன்னாலும் இதைத்தான் சொல்வாள். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் கேட்கலாம். ஆனால் அவள் வாசல் ஏறும்போதே இவள் கண்ணைக் காட்டிவிட்டால்? கண்ணைக் காட்டுவதைக் கண்ணில்லாதவன் எங்கே பார்ப்பது?

தன்னைத்தானே சோதித்துப் பார்த்தார். மில்லுக்கு வந்துபோன லாரிகளின் நம்பரை வரிசையாகச் சொன்னார், வந்தது. தலைகீழாகச் சொன்னார், அதுவும் வந்தது. ஒரு நிமிஷம் மனசு லேசானது. அப்புறம், புத்தி முழுக்கப் போன பிறகும் அண்ணன் உளி வகைகளை மட்டும் ஒன்று விடாமல் ஒப்பித்தது ஞாபகம் வந்து, பழையபடி கனத்தது.

அதோடு தட்டுப் போடுவதை நிறுத்திவிட்டார்.

"என்ன, அவசரக்காரியோட சண்டையா?" என்றாள் மனைவி.

"தலைவலி."

"நல்லா விளங்கலைன்னா நான் வேணா பக்கத்துல உக்காந்து..."

"தலைவலின்னு சொன்னேனில்ல?"

வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிறவள், வாயை மூடிக்கொண்டு பாத்திரத்தை மெதுவாக வைத்தாள். அண்ணனிடம் பேசும்போது அண்ணி இப்படித்தான் மெதுவாகப் பாத்திரம் வைப்பாள்.

நூலகத்து அம்மா மறுபடி போன் செய்தபோது மனைவிதான் எடுத்தாள். அவர் இப்போதெல்லாம் கேட்பதே இல்லை என்று சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. ஏலக்காரர் உங்கள் பக்கம்தான் குடியிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை ஒரு எட்டு வந்து பார்க்கச் சொல்கிறேன், படித்தவரையே நேரில் பார்த்தால் அவருக்கும் ஒரு உற்சாகமாக இருக்கும் என்றாளாம்.

வேண்டாம் என்றுதான் கேட்காரர் முதலில் சொல்லப் பார்த்தார். ஆனால் வாசலில் நின்ற புத்தி விடவில்லை. சந்தேகம் வந்துவிட்டால் பையைத் திறந்து பார்த்துவிட வேண்டும். உள்ளே என்ன இருந்தாலும் சரி. திறக்காமல் அனுப்பிவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

"வரட்டும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. அதற்குப் பிறகு வந்த குரல், காலி அண்டாவைத் தரையில் உருட்டிவிட்ட மாதிரி இருந்தது.

"வணக்கங்க! நூலகத்துல சொன்னாங்க. நாந்தான் ஏலக்காரன்."

கேட்காரருக்குக் கடைசியாக இருந்த ஒரு நூலும் அறுந்தது. ஒருவேளை ஏலக்காரருக்கே பெண் மாதிரிக் கீச்சுக் குரலாக இருக்கும், உலகத்தில் அப்படியும் ஆம்பிளைகள் உண்டு என்று இரண்டு நாளாக அதைப் பிடித்துக்கொண்டுதான் தொங்கிக்கொண்டிருந்தார். இந்தக் குரலில் பெண்ணுக்கு இடமே இல்லை. இதில் எருமைக்குத்தான் இடம் இருந்தது.

"உக்காருங்க" என்றார்.

ஏலக்காரர் உட்கார்ந்த நாற்காலி முனகியது. "காலமெல்லாம் ஒரு தரம் ரெண்டு தரம்னு கத்திக் கத்திக் கழிச்சாச்சு. இப்பவாவது நிதானமாப் பேசலாம்னுதான் படிக்கப் போறது. அந்தக் கப்பல் கதைக்குக் குடம் குடமாத் தண்ணி குடிச்சேன் போங்க."

"எந்தக் கப்பல் கதை?" என்று டீயோடு வந்தாள் மனைவி. "எங்க வீட்டுக்கு வந்திருக்கே, வைரம் தொலையிறது, அதுவா?"

"அதேதாம்மா."

"அதைப் படிக்கிறது ஒரு பொண்ணுங்க. நீங்க வேற ஏதோ கதையைச் சொல்றீங்க."

ஏலக்காரர் கடகடவென்று சிரித்தார். "என் பேரைத் தட்டு மேலயே போட்டிருக்காங்கம்மா."

"விடு இவளே" என்றார் கேட்காரர், தலையைக் குனிந்தபடி. "அவர் சொல்றதுதான் சரி. அவர்தான் படிச்சிருக்கார்."

"என்ன சரி? தட்டு மேல இருக்கிறது கதை எழுதினவர் பேருங்க. எனக்கென்ன காது அவிஞ்சா போச்சு? தினமும் துணி மடிச்சுக்கிட்டே கேக்கிறேன். பொண்ணுன்னா பொண்ணுதான்."

"போதும்டி. எனக்காகச் சொல்லாத."

"உங்களுக்காகவா? நான் எதுக்கு உங்களுக்காகச் சொல்றேன்? இருங்க, இப்பவே போடுறேன். இவரே கேக்கட்டும்."

வேண்டாம் என்று அவர் கையை நீட்டுவதற்குள் அவள் உறையிலிருந்து தட்டை உருவிவிட்டாள். விசை முதல் பள்ளத்தில் விழுந்தது. முள் கரகரத்தது. அவசரக்காரி ஆரம்பித்தாள். மாலுமி ஓடினான், கதவு பூட்டியிருந்தது, சாவி யாரிடம், எல்லாம் ஒரே மூச்சில்.

கேட்காரர் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"யாரு இது?" என்றது அண்டா. இந்தத் தடவை உருளாமல், நின்ற இடத்திலேயே.

அவசரக்காரி பாட்டுக்குப் படித்துக்கொண்டே போனாள்.

"யாருங்க இந்தப் பொண்ணு? நான் படிச்சதை இவ படிக்கிறா! வரிக்கு வரி என்னுது! ஓகோ, அப்படியா சங்கதி? என் பேரை மேல ஒட்டிட்டு உள்ள எவளையோ வச்சுப் படிக்க வச்சிட்டானுங்களா?"

கேட்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

"என்ன சொன்னீங்க? பொண்ணா?"

"பொண்ணு இல்லாம என்னய்யா? ஜலதோஷம் பிடிச்ச பொண்ணு!"

"இவ உங்களுக்குக் கண்ணைக் காட்டினாளா?"

"யாரு?"

"என் பொண்டாட்டி. மறைக்காமச் சொல்லுங்க. கண்ணைக் காட்டினாளா இல்லையா?"

"அவங்க எதுக்குய்யா எனக்குக் கண்ணைக் காட்டணும்? வயசான காலத்துல என்ன பேச்சு பேசுறீங்க!" ஏலக்காரருக்குக் கோபத்தில் மூச்சு வாங்கியது. "இங்க என் குரலையே திருடிட்டானுங்க, நீங்க வேற..."

அந்த நேரம் தட்டில் அவசரக்காரி, சாவி இங்கே இல்லை என்று சொல்லிவிட்டு இருமினாள். எலி தும்முகிற மாதிரி, சின்னதாக இரண்டு இருமல்.

ஏலக்காரர் அப்படியே நிறுத்தினார். "இருங்க. இருங்க இருங்க. இந்த இடத்துல நானும் இருமினேன். சாவி இங்க இல்லைன்னு படிச்சதும் புரையேறிடுச்சு. திரும்பப் பதியலாமான்னு கேட்டேன், பரவாயில்லைன்னு விட்டுட்டாங்க."

நாற்காலி பின்னால் நகர்ந்தது. அவர் மெஷினருகே போய்க் குனிகிற சத்தம் கேட்டது. தட்டின் நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தின் மேல் விரலை வைத்து அழுத்தினார். தட்டு தயங்கியது. அவசரக்காரியின் குரல் தொய்ந்து, கீழே இறங்கி, தடித்து, பொண்ணு பையனாகி, பையன் ஆம்பிளையாகி, கடைசியில் காலி அண்டா உருண்டது. மாலுமி திரும்பி ஓடினான் என்று நிதானமாக, சுவரில் சாய்ந்துகொண்டு கதை சொல்கிறவன் மாதிரிச் சொன்னது. விரலை எடுத்ததும் விசுக்கென்று பொண்ணு ஓடி வந்தாள். மறுபடி அழுத்தியதும் ஏலக்காரர் வந்தார்.

"அட கடவுளே!" என்றாள் மனைவி.

"தட்டு மேல பதினாறுன்னு போட்டிருக்கேம்மா, பாக்கலையா?"

"பாத்தேனே. எல்லாத்துலயும் அதே போட்டிருந்துச்சு. கட்டு நம்பர்னு நினைச்சேன்."

"நிமிஷத்துக்கு எத்தனை சுத்துங்கிற வேகம்மா அது. வெறும் பேச்சுக்குன்னு மெதுவாச் சுத்துற வேகம். ஒரே தட்டுல நிறையப் பிடிக்கும்ல? உங்க மெஷின்ல முதல் பள்ளமே முப்பத்து மூணு, அதுக்குக் கீழ கிடையாது. அதான் என்னைப் போட்டு இந்த விரட்டு விரட்டியிருக்கு. நூலகத்து மெஷின்ல பதினாறு இருக்குமே, அதை ஏன் வாங்கல?"

மனைவி தலையைத் திருப்பினாள். அவள் யாரைப் பார்க்கிறாள் என்று கேட்காரருக்குக் கண் இல்லாமலே தெரிந்தது.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் வயிறு மட்டும் குலுங்கியது, அப்புறம் சத்தம் வந்தது, அப்புறம் நிற்கவே இல்லை. நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்து, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க ஈரமாகிக்கொண்டே இருந்தது.

"இதுல என்னய்யா இவ்வளவு சிரிப்பு?" என்றார் ஏலக்காரர், கொஞ்சம் பயந்து.

"ஒண்ணுமில்ல. எனக்கு ஒண்ணுமில்லைங்க" என்றார் கேட்காரர். "எனக்கு ஒண்ணுமே இல்லை. இவளே, கேட்டியா? எனக்கு ஒண்ணுமே இல்லைடி!"

"என்ன உங்களுக்கு? யாரு என்ன இருக்குன்னா?"

"அண்ணன் மாதிரி ஆகிட்டேன்னு நினைச்சேன்."

பாத்திரம் எதையோ கீழே வைத்தாள். இந்தத் தடவை சத்தம் வரும்படியாகத்தான் வைத்தாள். பக்கத்தில் வந்து அவர் தோளில் ஒரு அடி போட்டாள், நல்ல பலமாகவே.

"ஏங்க, இதை இத்தனை நாள் மனசுல வச்சுக்கிட்டா உம்முனு உக்காந்திருந்தீங்க? நான் வேற... ஒரே தட்டைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்றீங்க, முன்னாடி கேட்டது ஞாபகமில்ல, பொண்ணுதானான்னு என்னையே கேக்கிறீங்க. எனக்கு மட்டும் அடிவயிறு பத்தி எரியாதா? உங்க அண்ணிக்குப் போன் போட்டு, உங்க அண்ணனுக்கு முதல்ல எப்படி ஆரம்பிச்சுதுன்னு கேக்கலாம்னுகூட இருந்தேன்."

"கேட்டியா?"

"கேக்கலை. கேட்டா உண்மையாயிடும்னு பயமா இருந்துச்சு."

ஏலக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு டீயை எடுத்துக் குடித்தார். ஆறிப்போன டீ.

"நாளைக்கே நூலகத்துல சொல்லி மெஷினை அனுப்பச் சொல்றேன்" என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

"அனுப்பட்டும்" என்றார் கேட்காரர். "ஆனா எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்."

"இரவல்தான்யா அது."

"இரவல்னு எழுதி அவங்க கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும்."

ஏலக்காரர் எழுந்தார். வாசல்படியில் நின்று, "அந்த வைரத்தை எடுத்தது யாருன்னா..." என்று ஆரம்பித்தார்.

"வாயை மூடுய்யா!" என்று உள்ளேயிருந்து புருஷனும் பொண்டாட்டியும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அவர் போன பிறகு கேட்காரருக்கு நாளை வரைக்கும் பொறுக்க முடியவில்லை. நாற்காலியை மெஷினை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் தட்டை எடு என்றார். முள் விழுந்ததும் நடுக்காகிதத்தின் மேல் விரலை வைத்தார். கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் கதை தூங்கிப்போனது. கொஞ்சம் விட்டால் ஓடியது. நாலைந்து சுற்றில் கைக்குப் பிடிபட்டது. அந்தக் கப்பல் இப்போதுதான் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. சமையல்காரன் வேறு, பாட்டுக்காரியின் தம்பி வேறு. ஒருவன் குட்டை, ஒருவனுக்கு முன்பல் இல்லை. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து அவர் முன்னால் நின்று, பையைத் திறந்து காட்டிவிட்டுப் போனது.

"விரல் சிவந்து போச்சு. நகருங்க, நான் கொஞ்ச நேரம் வைக்கிறேன்" என்றாள் மனைவி.

அவள் கை இன்னும் பழகவில்லை. ஏலக்காரர் நடுநடுவே வயசுக்கு வராத பையன் மாதிரிக் கீச்சிட்டார். அதைப் பற்றிக் கேட்காரருக்குக் கவலையில்லை. முகத்தைக் கூரைப் பக்கம் தூக்கிக்கொண்டு கேட்டார். கப்பலின் கணக்குப்பிள்ளை காலையில் ஈரக் காலணியோடு மேல்தளத்தில் நின்றான் என்று வந்ததும் நாற்காலியில் ஒரு தட்டுத் தட்டினார்.

"இவன்தான்."

"இப்பதானேங்க அவன் கதைக்குள்ளயே வர்றான்!"

"இவன்தாண்டி. விடியக் காலையில காலணி எதுக்கு நனையுது? இவன் பையைத் திறந்து பாக்கச் சொல்லு."

"முதல்ல கதையைக் கேளுங்க. கை நழுவுது" என்றாள் அவள், விரலை மாற்றி வைத்துக்கொண்டு.